முகாம்ல இருக்கறவங்க சண்டைல பட்டத சாட்சியமா எழுதி வெக்கறது எப்படிங்க

பவானிசாகர், அரச்சலூர், பூலுவப்பட்டி, கரூர் இராயனூர்ன்னு நம்ம பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் நெறைய இருக்குது, 2021ல கவர்மெண்ட் 'மறுவாழ்வு முகாம்'ன்னு பேர மாத்துனாங்க, ஆனா பேச்சுல இன்னும் வெறும் முகாம்தான். பெயின்ட் வேலைக்கு வர்ற அண்ணன், பனியன் கம்பெனில பக்கத்து மிசின்ல உக்காந்திருக்கற அக்கான்னு நம்ம கூடவே இருக்கறவங்கதான் அவங்க, பேசிப் பழகுனா என்னைக்காச்சும் ஒரு நாள் ஊர்ல நடந்ததச் சொல்லுவாங்க. ஒடனே நம்மாளுக ஃபோன எடுத்து வீடியோ புடிச்சு, பின்னாடி சோகமா ஒரு பாட்டச் சேத்தி, ஸ்டேட்டஸ்ல போட்டர்றாங்க. தயவு செஞ்சு அதப் பண்ணாதீங்க. அந்த வீடியோ எந்த விசாரணைலயும் ஒரு பைசாவுக்கு ஒதவாது, சொன்னவங்களுக்கும் ஊர்ல இருக்கற அவங்க சொந்தக்காரங்களுக்கும் ஆபத்தா வேற முடியும். நெசமாலுமே ஏதாச்சும் செய்யோணும்ன்னு நெனைக்கறவங்களுக்குத்தான் இத எழுதறேன், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, முகாம்ல இருக்கற எல்லாரும் ஒரே வருசம் வந்தவங்க இல்ல. 83 கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்க இருக்காங்க, 90ல வந்தவங்க இருக்காங்க, 96 பக்கம் வந்தவங்க இருக்காங்க, கடைசியா 2006ல இருந்து வந்தவங்க. இந்த 2006 கூட்டத்தோட கதைதான் ரொம்பக் கம்மியா எழுதப்பட்டிருக்குது. 2002 பிப்ரவரி 22ல நார்வே நடுவுல இருந்து போர் நிறுத்த ஒப்பந்தம் போட்டாங்க, சனங்க ஊட்டுக்கு ஓடு மாத்துனாங்க, இந்தியாவுல இருந்தே செல பேரு திரும்பிப் போனாங்க. அப்புறம் 2006 ஜூலைல மாவிலாறு மதகுச் சண்டை, அதுக்கு முன்னாடியே ஏப்ரல்ல சம்பூர்ல குண்டு, ஜூன்ல மன்னார் பேசாலை மாதா கோயில்குள்ள ஒதுங்கியிருந்த சனங்க மேல தாக்குதல், அதே மாசம் கெப்பித்திகொல்லாவைல பஸ்ஸுக்குக் கிளைமோர் கண்ணிவெடி வெச்சு 60க்கும் மேல சிங்கள சனங்க செத்தது, ஆகஸ்ட்ல மூதூர்ல ஒரு பிரெஞ்சு தொண்டு நிறுவனத்தோட ஊழியர்கள் 17 பேர ஆபீஸ் வளாகத்துலயே சுட்டுக் கொன்னது. ஒப்பந்தம் காகிதத்துல 2008 ஜனவரி வரைக்கும் உசுரோட இருந்துச்சு, நெலத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப் போச்சு. மூதூர் கேஸ்ல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்லீங்க, இத்தன வருசம் கழிச்சும் சாட்சியத்துக்கு வேல இருக்குதுன்னு சொல்றது அதனாலதான்.

"இத்தன வருசம் கழிச்சு எழுதி என்னாகப் போகுது"ன்னு நெனைச்சீங்கன்னா நம்ம மலைப்பக்கத்தக் கொஞ்சம் பாருங்க. வீரப்பன் வேட்டைன்னு சொல்லி தொண்ணூறுகள்ல அதிரடிப்படை பண்ணுனது தாளவாடி, பர்கூர், கொளத்தூர் பக்கத்துச் சனங்களுக்குத் தெரியும், மாதேஸ்வரன் மலைல 'ஒர்க்‌ஷாப்'ன்னு பேரு வெச்ச எடத்துல என்னென்ன சித்திரவதை நடந்துச்சுன்னு இப்பவும் பெரியவங்க சொல்லுவாங்க. 1999ல தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமைல ஒரு குழுவப் போட்டுது, சனங்க வந்து சாட்சி சொன்னாங்க, 2007ல 89 பேருக்கு 2.80 கோடி ரூவா குடுக்கச் சொல்லி ஆணையம் சொல்லுச்சு. பத்தாதுதான், தண்டனைன்னு பாத்தா அதுவும் இல்லதான். ஆனா எந்தத் தேதி, எந்த எடம், யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு சனங்க சொன்னதாலதான் அந்த அளவுக்காச்சும் நடந்துச்சு.

சரி, எப்படி ஆரம்பிக்கறது. முகாம்குள்ள போயி உக்காந்து எழுதறது அவ்ளோ சுளுவில்ல, வெளியாளுக உள்ள போறதுக்கு அனுமதி வாங்கோணும், போலீஸ் உளவுப் பிரிவு கியூ பிராஞ்ச் கண்ணு எப்பவும் அங்க இருக்கும், உதவிப்பணம் குடுக்கற நாள்ல செக்கிங் இருக்கும், ஆள் இல்லீன்னா பேரு வெட்டிருவாங்களோன்னு அவங்களுக்குப் பயம். அதனால அவங்களே சொல்ற நாள்ல, அவங்களே சொல்ற எடத்துல பேசுங்க. நம்ம ஊட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்புட வெச்சுட்டுப் பேசுனா இன்னும் நல்லது. பேக்கரில உக்காந்து பேசாதீங்க, பக்கத்து டேபிள்காரன் காதெல்லாம் நம்ம மேலதான் இருக்கும். கூட ஒரு பொண்ணு இருந்தா நல்லது, அக்காமாருக கிட்டப் பேசறதுக்கு ரொம்பவே ஒதவும்.

ஒக்காந்த ஒடனே கேள்வி கேக்காதீங்க. மூணு விசயத்துக்குத் தனித்தனியா சம்மதம் வாங்குங்க: எழுதிக்கலாமா, வேற அமைப்புக்கு அனுப்பலாமா, பேரு போடலாமா. இந்த மூணும் வேற வேற. எழுதிக்கோ தம்பி ஆனா அனுப்பாதன்னு சொல்றவங்க இருப்பாங்க, அனுப்பு ஆனா பேரு வேண்டாம்ன்னு சொல்றவங்க இருப்பாங்க, அவங்க சொன்னதுதான் முடிவு. நாளைக்கு மனசு மாறுனாலும் கிழிச்சுப் போட்டரலாம்ன்னு மொதல்லயே சொல்லிப்போடுங்க. குடியுரிமை கெடைக்கும், விசா கெடைக்கும், காசு வரும்ன்னு ஒரு வார்த்த கூடச் சொல்லாதீங்க. இதுக்கு முன்னாடி யார்கிட்டயாச்சும், அதாவது ஐ.நா. அகதிகள் ஆபீஸ், வக்கீல், வெளிநாட்டு அகதி கேஸ் இந்த மாதிரி எங்கயாச்சும் வாக்குமூலம் குடுத்திருக்காங்களான்னு கேளுங்க. குடுத்திருந்தா அந்தக் காப்பிய வாங்கிப் பத்திரமா வெக்கச் சொல்லுங்க, நீங்க புதுசா ஒண்ணு எழுதோணும்ன்னு அவசரப்படாதீங்க. ஒரே ஆளு ரெண்டு எடத்துல சொன்னதுல ஒரு தேதி மாறிப் போச்சுன்னா எதிர்த்தரப்பு வக்கீல் அதையே புடிச்சுத் தொங்குவான், அவங்க அகதி கேஸே கவுந்துரும்.

இனி கேக்கறது. இதுலதான் நம்மாளுக நெறையத் தப்புப் பண்றாங்க. "ஆமிதானுங்க சுட்டான்?"ன்னு கேட்டா "ஓம்"ன்னுதான் பதில் வரும், அது அவங்க சாட்சியம் இல்ல, நம்ம சாட்சியம். "அண்ணா, அன்னைக்கு வெடியால எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்ணா"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கோணும். அவரு பாட்டுக்கு இப்படிச் சொல்லுவாரு: "தெரியேல்ல தம்பி, நாங்கள் பங்கருக்குள்ள இருந்தனாங்கள், சத்தம்தான் கேட்டது, வெளியில வந்து பாக்கேக்க பக்கத்து வீட்டு ஆக்கள் மூண்டு பேர் இல்லை." அத அப்படியே, அவரு பேச்சுலயே எழுதுங்க. நம்ம பாசைக்கு மாத்தாதீங்க, நல்ல தமிழாக்கறேன்னு திருத்தவும் செய்யாதீங்க. முழுசா சொல்லி முடிச்சதுக்கப்புறம்தான் கேள்வி: ஷெல் அடிச்ச சத்தம் எந்தப் பக்கம் இருந்து கேட்டுச்சு, அடிச்ச சத்தத்துக்கும் விழுந்த சத்தத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம், அந்தச் சமயத்துல ஆமி எந்த ஊர்ல நின்னுது, இயக்கத்தோட ஆளுக, அதாவது விடுதலைப் புலிக, பக்கத்துல எங்கயாச்சும் இருந்தாங்களா, பீரங்கி எதுவும் கிட்ட நின்னுதா. கடைசிக் கேள்வி நெறையப் பேருக்குப் புடிக்காது, ஆனா கேட்டே ஆகோணும், ஏன்னா நாளைக்கு விசாரணைல மொதக் கேள்வியே அதுதான்.

நோட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரமா ஒரு கோடு போட்டுக்கோங்க, அங்க 'பாத்தது', 'கேட்டது', 'யூகம்' இந்த மூணுல ஒண்ண எழுதிட்டே வாங்க. 2006ல படகேறி வந்தவரு 2009 முள்ளிவாய்க்கால நேர்ல பாக்கல, தங்கச்சி ஃபோன்ல சொன்னதத்தான் சொல்றாரு. அது பொய்யில்லீங்க, ஆனா 'கேட்டது'. தங்கச்சி என்னைக்குக் கூப்பிட்டா, கடைசியா என்ன சொன்னா, எந்த ஊர்ல இருந்து பேசுனா, அதுக்கப்புறம் ஃபோன் வந்துச்சா, இதெல்லாம் அவரு நேரடியாத் தெரிஞ்சுக்கிட்டது, அந்த அளவுக்கு அது கெட்டியான சாட்சியம்தான். ரெண்டையும் கலந்து "முள்ளிவாய்க்கால்ல என் தங்கச்சியக் கொன்னாங்க"ன்னு ஒரே வரில எழுதிட்டீங்கன்னா கெட்டியா இருந்த பகுதியும் சேந்து போயிரும்.

தேதிதான் பெரிய தலவலி. யாருக்கும் தேதி நெனப்பு இருக்காது, இருந்தா அதுவே ஒரு மாதிரி சந்தேகம்தான். நம்மூர்ல மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்கறமல்ல, அந்த மாதிரி அவங்க ஊர்க் கணக்குல கேளுங்க. மடு மாதா திருவிழா ஆகஸ்ட் 15, ஏ.எல். (நம்ம பிளஸ் டூ மாதிரி) பரீட்சை அப்பல்லாம் ஆகஸ்ட், ஓ.எல். (நம்ம பத்தாவது மாதிரி) டிசம்பர், பௌர்ணமிக்குப் போயா லீவு, சுனாமி 2004 டிசம்பர் 26, மடு மாதா சிலையக் கோயில்ல இருந்து எடுத்துட்டு தேவன்பிட்டிக்குப் போனது 2008 ஏப்ரல். யாழ்ப்பாணம் போற ஏ-9 ரோட்ட மூடுனது 2006 ஆகஸ்ட், அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டாலே பாதி தெளிஞ்சுரும். வன்னில, அதாவது கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம், இருந்தவங்களுக்கு இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்குது, அவங்க இடம்பெயர்ந்த ஊர்களோட வரிசை. மன்னார்ப் பக்கம் இருந்து வெள்ளாங்குளம், பூநகரி, கிளிநொச்சி, விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால்ன்னு மேற்க இருந்து கெழக்க கடல் வரைக்கும் தள்ளிட்டே போனாங்க. ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சிய விட்டுப் போனது 2008 செப்டம்பர், சனங்க போகாதீங்கன்னு வாசல்ல நின்னு அழுதாங்க. கிளிநொச்சி ஆமி கைக்குப் போனது 2009 ஜனவரி 2. சனங்க இங்க ஒதுங்கலாம்ன்னு அரசு மொத 'பாதுகாப்பு வலயம்' அறிவிச்சது அந்த ஜனவரி கடைசில சுதந்திரபுரம் பக்கம், ரெண்டாவது பிப்ரவரில மாத்தளன் கரையோரம், சண்டை முடிஞ்சது மே 18, 19. ஒரு பேப்பர்ல இந்த வரிசைய எழுதிக் கைல குடுத்து "இதுல எங்கெங்க எத்தன ராவு தங்குனீங்க"ன்னு கேட்டீங்கன்னா அவங்களே தேதியக் கண்டுபுடிச்சுருவாங்க. சரியா தெரியலீன்னா 'பிப்ரவரி நடுவுல, தேவிபுரத்துல இருந்தப்ப'ன்னு எழுதுங்க, நாமளா ஒரு தேதிய நட்டு வெக்காதீங்க.

கையால ஒரு மேப்பும் வரையச் சொல்லுங்க. கோயில் எங்க, பள்ளிக்கூடம் எங்க, பங்கர் எங்க, ஆஸ்பத்திரிக் கூரைல சிலுவை இருந்துச்சா, ஷெல் விழுந்த எடம் எது. கோணல்மாணலா இருந்தாலும் பரவால்ல. ஐ.நா.வோட யூனோசாட் 2009லயே அந்தக் கரையோரத்த சாட்டிலைட் படத்துல வெச்சு ஆராய்ஞ்சிருக்குது, பின்னாடி விசாரிக்கறவங்க இந்த மேப்ப அந்தப் படத்து மேல வெச்சுப் பாப்பாங்க. பக்கத்துலயே உக்காந்து கூகுள் எர்த்தத் தொறந்து காட்டாதீங்க, படத்தப் பாத்தா ஞாபகம் அதுக்குத் தக்கன மாறிரும், மொதல்ல கைமேப், அப்புறம் வேணும்னா படம்.

இப்ப செல பேருக்குக் கோவம் வரும், பரவால்ல சொல்லிர்றேன். ரெண்டு பக்கத்துத் தப்பையும் எழுதோணும். ஐ.நா. பொதுச் செயலாளர் போட்ட நிபுணர் குழுவோட அறிக்கை 2011 ஏப்ரல்ல வந்துச்சு, கடைசி மாசங்கள்ல 40,000 சனங்க வரைக்கும் செத்திருக்கலாம்ன்னும், அரசு தானே அறிவிச்ச பாதுகாப்பு வலயத்து மேலயும் ஆஸ்பத்திரி மேலயும் ஷெல் அடிச்சுதுன்னும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருக்குதுன்னு சொன்ன அதே அறிக்கை, இயக்கம் சனங்கள வெளிய போக விடாமப் புடிச்சு வெச்சதையும், தப்பிச்சுப் போனவங்களச் சுட்டதையும், சின்னப் பசங்கள இழுத்துட்டுப் போனதையும் சொல்லுது. முகாம்ல நெறைய அம்மாமாருக 'பிள்ளை பிடி' பத்திச் சொல்லுவாங்க, சொல்லும்போதே கொரலத் தாழ்த்திக்குவாங்க, தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இது புடிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். நம்ம ஊர் அரசியலுக்குத் தோதா இல்லைங்கறதுக்காக அந்த அம்மா சொன்னத வுட்டுட்டோம்ன்னா நாம எழுதறது சாட்சியமே இல்ல, போஸ்டர். அதுவுமில்லாம 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள்ல பொதுவான மூணாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்குது, உள்நாட்டுச் சண்டைக்குன்னே வெச்சது, ஆயுதம் எடுக்காதவங்களக் கொல்லக்கூடாது, சித்திரவதை கூடாது, பணயமா புடிக்கக்கூடாதுங்கறது அரசாங்கத்துக்கும் எதிர்த்துச் சண்டை போடற அமைப்புக்கும் ஒண்ணுபோலப் பொருந்தும். நோட்டுல ஒரு பக்கத்துத் தப்பு மட்டும் இருந்தா படிக்கற அதிகாரி மொதப் பத்து பக்கத்துலயே அதக் கண்டுபுடிச்சு ஓரமா வெச்சுருவாரு.

அழுதாங்கன்னா பேனாவக் கீழ வெச்சுருங்க. தண்ணி குடுங்க, வேற பேச்சுப் பேசுங்க, அன்னைக்கு அவ்ளோதான். பாலியல் கொடுமை பத்தி நீங்களாக் கேக்கவே கேக்காதீங்க, அவங்களே சொன்னா கேட்டுக்கோங்க, நோண்டாதீங்க, அதுக்குன்னு பழகுன பெண் வக்கீலோ டாக்டரோ வேணும். ஒடம்புல சித்திரவதைத் தழும்பு இருந்தாலும் அப்படித்தான், நீங்க எழுதிக்கலாம், ஆனா அதுக்கு டாக்டர் குறிப்புதான் கணக்கு, இஸ்தான்புல் நெறிமுறைன்னு ஐ.நா. 1999ல கொண்டு வந்த வழிகாட்டி இருக்குது, அதுபடி எழுதத் தெரிஞ்ச டாக்டராப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.

காகிதம், ஃபோட்டோ விசயம். ஒரிஜினல நீங்க வாங்கி வெக்காதீங்க, எவ்ளோ நம்பிக்கையானவங்களா இருந்தாலும். ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம்) சீட்டு, பொறந்த சர்ட்டிபிகேட், கிராம சேவகர் குடுத்த கடிதம், பழைய கூப்பன் அட்டை, போலீஸ்ல குடுத்த புகார் நகல், எல்லாத்தையும் அங்கயே வெளிச்சத்துல வெச்சு முன்னும் பின்னும் படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க. அவங்க ஃபோன்ல பழைய ஃபோட்டோ இருந்தா வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பச் சொல்லாதீங்க, அதுல படம் சுருங்கி எடுத்த தேதியெல்லாம் அழிஞ்சுரும், கேபிள் போட்டு காப்பி பண்ணுங்க, இல்லாட்டி டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. நோட்டுல பேரு எழுதாதீங்க, 'ஈ-3' 'க-7'ன்னு ஒரு குறி போட்டு எழுதுங்க, எந்தக் குறி யாருங்கற லிஸ்ட்ட வேற எடத்துல, வேற ஆள் கைல வெச்சுருங்க. ஊர்க்குரூப்ல, கட்சிக்குரூப்ல ஒரு வரி கூடப் போடாதீங்க. இலங்கைல பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல இருந்து இருக்குது, என்னைக்காச்சும் ஊர் திரும்பிப் போறவங்க ஏர்போர்ட்ல எறங்கும்போது நீங்க போட்ட ஸ்டேட்டஸ் அங்க காத்துட்டு நிக்கக்கூடாது.

எழுதி முடிச்சா முழுசாப் படிச்சுக் காட்டுங்க, திருத்தம் சொன்னா அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க, வெள்ள மை வெச்சு அழிக்காதீங்க. கையெழுத்தத் தனித்தாள்ல வாங்கிக் குறியோட லிஸ்ட்டு இருக்கற எடத்துலயே வெச்சுருங்க.

எங்க அனுப்பறதுன்னா, அது கேஸப் பொறுத்தது. உலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எழுதலாம்ன்னு நெறையப் பேர் கெளம்புவாங்க, அந்த நீதிமன்றத்த உண்டாக்குன ரோம் சாசனத்துல இலங்கை சேரல, அந்த வழி இப்போதைக்கு சுத்து வழி. ஜெனீவால ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆபீஸ்ல இலங்கைக்குன்னே ஆதாரம் சேத்துப் பத்திரப்படுத்தற ஒரு குழு இருக்குது, 2021 மார்ச்ல 46/1ங்கற தீர்மானத்துல வந்தது, அப்புறம் நீட்டிச்சாங்க. சாகடிச்சது, ஷெல்லடி, சித்திரவதை எல்லாம் அங்க போலாம், ஸ்டாம்ப் பேப்பர் நோட்டரின்னு காச செலவு பண்ணாதீங்க. மொதல்ல ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் பேரில்லாம அனுப்பி, எப்படிப் பத்திரமா மீதிய அனுப்பறதுன்னு கேளுங்க, எடுத்த எடுப்புலயே முழுசையும் மெயில்ல தள்ளாதீங்க.

புடிச்சுட்டுப் போயி ஆள் திரும்பி வரலீன்னா, வெள்ளை வேன்ல கடத்திட்டுப் போனவங்களா இருந்தாலும் சரி, ஆமி கிட்ட சரண்டர் ஆனவங்களா இருந்தாலும் சரி, 1980ல இருந்து ஐ.நா.வுல காணாமல் ஆக்கப்பட்டோருக்கான செயற்குழு ஒண்ணு இருக்குது, படிவம் இருக்குது, காசில்ல, சம்பவம் பழசுன்னு தள்ள மாட்டாங்க. குடும்பத்துல ஒருத்தர் குடுக்கோணும், இல்லீன்னா குடும்பத்தோட சம்மதத்தோட நீங்க குடுக்கலாம். பேரு, காணாமப் போன தேதி, எடம், யாரு கூட்டிட்டுப் போனதா நம்பறாங்க, தேடறதுக்கு என்ன பண்ணுனாங்க, இது அஞ்சும் இல்லாம படிவம் நகராது. அவங்க யாரையும் தண்டிக்க மாட்டாங்க, அரசாங்கத்துக்கிட்ட ஆளு எங்கன்னு கேட்டுட்டே இருப்பாங்க, அத மொதல்லயே தேடற குடும்பத்துகிட்டச் சொல்லிப்போடுங்க. குடும்பம் பிரிஞ்சு போச்சு, உசுரோட இருக்காங்களான்னு மட்டும் தெரியோணும்ன்னா செஞ்சிலுவைச் சங்கத்துலயும் கேக்கலாம், அவங்களும் ரகசியமா வெச்சுக்குவாங்க. இலங்கைலயே 2016 சட்டத்துல வந்த காணாமற்போனோர் அலுவலகம் இருக்குது, ஆனா அங்க குடுக்கறதா வேண்டாமாங்கறத நீங்க முடிவு பண்ணாதீங்க, 2017 பிப்ரவரில இருந்து கிளிநொச்சில ரோட்டோரமா உக்காந்து போராடுன அம்மாமாருல நெறையப் பேரு அத நம்பல, செலரு பதிஞ்சும் வெச்சிருக்காங்க.

அனுப்புனதுக்கப்புறம் பதிவு எண் ஏதாச்சும் வந்துச்சுன்னா, அத அவங்க கைல எழுதிக் குடுங்க, உங்க ஃபோன்ல மட்டும் வெச்சுக்காதீங்க. பதில் மாசக்கணக்குல வராது, வருசம் கூட ஆகும், அதுக்குள்ள கல்யாணம் ஆகி வேற முகாமுக்குப் போயிருப்பாங்க, நம்பர் மாத்தியிருப்பாங்க, ஃபாரம்ல பழைய நம்பர் இருந்தா வர்ற ஃபோன் யாருக்கோ போகும். அதனால தைப்பொங்கலுக்கு ஒருக்கா, தீபாவளிக்கு ஒருக்கா ஒறம்பரையப் பாக்கற மாதிரி போயி நம்பர் அதேதானான்னு கேட்டுட்டு, மாறியிருந்தா அன்னைக்கே அந்தப் பதிவு எண்ணப் போட்டு ஜெனீவாவுக்கு ஒரு மெயில் தட்டி வுட்டுருங்க.